தேன்பூச்சிக்கு ஸ்பிரிங் பட்டை

"மனுசிக்குக் கேட்டா கெடையாது. பூச்சிக்குன்னா மட்டும் உடனே ஸ்பிரிங்கா?"

குப்பாயி போட்ட சத்தத்தில், நாகலூர்ப் பக்கத்துக் காப்பித் தோட்டத்தில் படுத்திருந்த மூடுபனி ஒரு முழம் விலகி நின்றது.

டிராக்டர் டிரெய்லருக்கு அடியில் மல்லாந்து கிடந்த முபாரக் ஸ்பேனரை ஒரு சுற்றுச் சுற்றினான். எஸ்டேட்டுக்கு அவன்தான் டிரைவர், அவன்தான் மெக்கானிக்.

அந்த டிரெய்லர் லேசுப்பட்டதல்ல. அடியில் ஸ்பிரிங் என்பதே கிடையாது. அச்சுமேல் பெட்டி நேராகக் குந்தியிருக்கும். தொழிலாளர் லைன் வீடுகளிலிருந்து மேல்காட்டு வேலைக்கு ஆட்கள் அதில்தான் போவார்கள். கிளம்பும்போது தூக்குப்போசியில் தயிர் கொண்டுபோனால், போய்ச் சேரும்போது வெண்ணெய் தனி, மோர் தனி. வெற்றிலை போட்டவர்கள் மெல்ல வேண்டியதே இல்லை. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் போதும், மிச்சத்தை ரோடு பார்த்துக்கொள்ளும்.

கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் குப்பாயியின் மருமகள் கௌரிக்கு இது ஆறாம் மாதம். போன தடவை தங்கவில்லை. இந்தத் தடவை குலுங்கவே கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மேட்டில் நடக்கவும் அவளால் முடியாது. வேலைக்கு வராவிட்டாலோ, லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அது முதலாளி வைத்த சட்டம்.

"ஏனுங்க ரைட்டரே, போன மாசம் உங்க கால்ல உழாத கொறையாக் கேட்டேனுங்களே, இந்த வண்டிக்கு நாலு ஸ்பிரிங் பட்டை போட்டுக் குடுங்கன்னு. என்ன சொன்னீங்க?"

எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் ஜேசுதாஸ் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "முதலாளி சொன்னதைச் சொன்னேன். ஆளுங்களுக்குக் கால் இருக்குதில்ல, நடக்கட்டும்னாரு."

"பூச்சிக்கு றெக்கையே இருக்குதுங்களே! பறக்கட்டுமே!"

சுற்றி நின்ற பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். ரைட்டர் சிரிக்கவில்லை.

"உனக்குத் தெரியாது குப்பாயி. காப்பி பூத்திருக்குது. பகல்ல தேன்பூச்சி மேல்காட்டுல மேயணும். ராத்திரி அங்க குளிர் தாங்காது, கீழ கொண்டாந்துடணும். அதுங்க விடிகாலையில கனாக் காணும். பாதிக் கனாவுல குலுக்கி எழுப்பிட்டா பூவெல்லாம் மறந்துபோயிடும். நேரா அடிவாரத்துக்குப் பறந்துபோயி டீக்கடை பாய்லர்மேல குந்திக்கும். முதலாளியே கேட்டு அசந்துபோயிட்டாரு."

"பூச்சி கனாக் காணுதாமா! எங்கூட்டுப் புள்ள..." குப்பாயி மருமகளின் வயிற்றைக் காட்டினாள். "நெஞ்சுல ஈரமே இல்லீங்களா உங்களுக்கு?"

"உடுங்க அத்தை" என்று கௌரி அவள் கையைப் பிடித்தாள்.

முபாரக் வெளியே வந்தான். "முடிஞ்சுதுங்க. ரெண்டு பக்கமும் பட்டை, கூடவே ஷாக் அப்சர்பர். இழுக்கற கொக்கிக்கும் ரப்பர் புஷ் போட்டாச்சு, இனிமே வெட்டி இழுக்காது."

தேன்பெட்டிகளை வரிசையாக ஏற்றி, மேலே சாக்கு விரித்தார்கள்.

"யாரும் மூடியைத் தொறக்கப்படாது" என்றார் ரைட்டர். "கௌரி, நீ பெட்டிமேல சாஞ்சு உக்காரு. பெட்டி ஆடாமப் பாத்துக்க."

"பூச்சிக்கு ஆயா வேலை வேறயா எம்மருமகளுக்கு!"

வண்டி கிளம்பியது. குப்பாயி பழக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டாள். பெரிய பள்ளம் வந்தது. போயும் விட்டது. அவளுக்குத்தான் தெரியவில்லை.

சில்வர் ஓக் மரங்கள் ஒவ்வொன்றாகப் பனிக்குள்ளிருந்து வந்து, இவர்களை எட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி பனிக்குள் போய்விட்டன. காப்பிப்பூ வாசனை ஓடிவந்து வண்டியில் தொற்றிக்கொண்டு, ஒவ்வொருத்தி மடியிலும் கொஞ்சநேரம் உட்கார்ந்து எழுந்தது. சக்கரம் உருள்கிறதா, வண்டி மிதக்கிறதா என்று சொல்ல முடியவில்லை. ரோடு எங்கோ கீழே, வேறு யாருக்காகவோ ஓடிக்கொண்டிருந்தது. சண்டை பிடித்த வாய்களெல்லாம் கொட்டாவி விட்டன.

கௌரி ஒரு பெட்டியின்மேல் தலை சாய்த்துத் தூங்கியே போய்விட்டாள். கை வயிற்றின்மேல் இருந்தது. உதட்டில் லேசாக ஒரு சிரிப்பு.

குப்பாயிக்குத் திக்கென்றது. பூச்சி கொட்டிவிட்டால்?

குனிந்து பக்கத்துப் பெட்டியில் காதை வைத்தாள். சத்தமே இல்லை. மூடியை மெதுவாக நெம்பினாள். அடுத்த பெட்டியையும் நெம்பினாள்.

உள்ளே சிலந்தி வலை. வேறொன்றும் இல்லை.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த ரைட்டரிடம் நகர்ந்து போனாள். "ஏனுங்க, பொட்டிக்குள்ள ஒரு பூச்சியும் இல்லீங்களே?"

"எப்படி இருக்கும்? குடோன்ல கெடந்த பழைய பொட்டி." ரைட்டரின் கண் கௌரிமேல் இருந்தது. "ஆளுக்குன்னு கேட்டேன், நடக்கச் சொன்னாரு. பூச்சிக்குன்னு கேட்டேன், 'ஐயோ பாவம், வாயில்லா ஜீவன்'னு போன்லயே கண் கலங்கிட்டாரு. விசயம் வெளிய போச்சுன்னா, அன்னைக்கே பட்டையைக் கழட்டிருவாரு."

குப்பாயிக்கு ரைட்டரைக் கையெடுத்துக் கும்பிடத்தான் தோன்றியது.

அதற்குள் எதிரே உட்கார்ந்திருந்த கலாவதி பெட்டிப் பக்கம் கையை நீட்டிவிட்டாள். அவள் காதில் விழுந்தது சாயங்காலத்துக்குள் ஏற்காடு பஜாருக்கே தெரிந்துவிடும்.

"என்னக்கா பாத்தே? பூச்சி நெசமாவே இருக்குதா?"

குப்பாயி அந்தக் கையைத் தட்டிவிட்டாள். மருமகளின் தூக்கம் கலையாதபடி, பல்லிடுக்கில் சொன்னாள்:

"தொட்டுறாதடி! உள்ளாற பூராவும் ராணித் தேனீ. ஒண்ணு கொட்டுச்சுன்னாலும் நீ ஊடு போய்ச் சேர மாட்ட!"