இன்னாசியின் ரத்தம்

"ரயில்வேகாரர் வூட்டுப் பொண்ண ஹார்பர்காரனுக்குக் குடுக்காதீங்கன்னு தலதலயா அடிச்சிகினேனே, யாராவது கேட்டீங்களா?"

மாமியார் ஆலிஸ் போட்ட கூச்சலில், பிரசவ ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்த கர்ப்பிணிகளெல்லாம் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். டாக்டரம்மாவின் மேஜைக்கு முன்னால் இன்னாசி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். அவன் ரத்தத்தில் மேகநோய் இருக்கிறது என்று டாக்டரம்மா இப்போதுதான் சொல்லி முடித்திருந்தார்.

வயிறு மேடிட்ட அவன் மனைவி ஃப்ளோரா அழவுமில்லை, திட்டவுமில்லை. புடவைத் தலைப்பைக் கடித்தபடி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கத்தாதீங்கம்மா," என்றார் டாக்டரம்மா. "ஃப்ளோராவுக்கு மொதல் டெஸ்ட்டுல லேசாத்தான் காட்டிச்சு. கர்ப்பமா இருக்கறப்ப சில பேருக்கு நோயே இல்லாமலும் அப்படிக் காட்டும். அதனாலதான் வேற ஒரு டெஸ்ட்டுக்கு அனுப்பிட்டு, புருஷனோட ரத்தத்தையும் கேட்டேன். அவருக்கு பலமாக் காட்டுதே! இனிமே காத்திருக்க முடியாது. கொழந்தைக்குத் தொத்தாம இருக்க இன்னிக்கே இவளுக்கு பென்சிலின் ஊசி. அவருக்கும் போடணும். போட்டா குணமாயிடும்."

"ஊசிய போட்டு எம் பொண்ண எங்கூட அனுப்புங்க. டே இன்னாசி, கொயந்த மொகத்த நீ பாக்க முடியாது. ஞானஸ்நானத்துக்குக்கூட ஒன்ன உள்ள வுட மாட்டேன்!"

இன்னாசி மாமனாரைப் பரிதாபமாகப் பார்த்தான். கூட்ஸ் வண்டி கார்டாக ஊர் ஊராகச் சுற்றி ரிடையரான சவரிநாதன் லேசுப்பட்ட ஆளில்லை. மாப்பிள்ளை சட்டைப் பொத்தானைப் போடாமல் பூசைக்கு வந்தாலே கோயிலென்றும் பாராமல் முறைப்பவர். ஆனால் இன்று அவர் குரல் பஞ்சாக இருந்தது.

"வுட்ரு ஆலிஸ். மாப்ள தங்கமான புள்ள. ஊசி போட்டா சரியாப் பூடும்னு அந்தம்மாவே சொல்றாங்க. நான் ஒரு டீ குடிச்சிட்டு வரேன்."

"குந்துங்க அப்பிடி! பொண்ணு வாழ்க்க போவுது, டீயாம் டீ!"

அவர் உட்கார்ந்துவிட்டார்.

இன்னாசிக்கோ உள்ளுக்குள் வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவை பம்பாய்க்கு வேலைக்குப் போனவன், போகக்கூடாத தெருவுக்கும் போய்விட்டு வந்திருந்தான். பாவசங்கீர்த்தனத்தில் சாமியார் அதை மன்னித்துவிட்டார். ரத்தம் மன்னிக்குமா? டாக்டரம்மா ரத்தம் கேட்டதுமே அவன் தப்பிக்க ஒரு வழி தேடினான்.

அப்போதெல்லாம் ஹார்பரில் ஒருவனுக்கு உடம்பு முடியவில்லையென்றால் அவன் டோக்கனோடு இன்னொருவன் பதிலி நிற்பான். கேட்டில் டோக்கனைப் பார்ப்பார்களே தவிர முகத்தைப் பார்க்க மாட்டார்கள். அதே வழக்கத்தில், ஆஸ்பத்திரிச் சீட்டைத் தோஸ்து செல்வநாதன் கையில் கொடுத்து, 'எம் பேர்ல நீ போயி ரத்தம் குடுத்துட்டு வாடா' என்று அனுப்பியிருந்தான். செல்வநாதன் ஆள் மலைமாதிரி இருப்பான். தெருவில் ஜெபமாலை சொல்வது அவன்தான், பீடிகூடப் பிடிக்க மாட்டான். அவன் ரத்தத்தில் என்ன கெட்டது இருந்துவிடப் போகிறது?

நர்ஸ் ஊசியோடு ஃப்ளோராவை நெருங்கினாள். வயிற்றில் இருக்கும் பிள்ளையை நினைத்ததும் இன்னாசிக்குப் பொறுக்கவில்லை.

"அது என் ரத்தமே இல்லீங்க டாக்டரம்மா!" என்று கும்பிட்டான். பதிலி அனுப்பியதைச் சொன்னான். பம்பாயையும், சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ததையும் சொன்னான்.

"ரத்தத்துலகூடவாய்யா ஆள்மாறாட்டம் பண்ணுவீங்க?" டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார். "நீ அனுப்பின ஆளோட ரத்தத்த நம்பி நான் இவளுக்கு வைத்தியம் பாக்கறதா?"

ஃப்ளோரா முதல் தடவையாகத் திரும்பினாள். "சாமியார்கிட்ட சொல்லத் தெரிஞ்சிச்சு, கட்டிகினவகிட்ட சொல்ல வாயில்லியா?" அவள் கண் கலங்கியது. ஆனாலும் புருஷனின் கையைப் பிடித்து மேஜைமேல் வைத்தாள். "டாக்டர், மொதல்ல இதுங்கிட்ட ரத்தம் எடுங்க. இந்தத் தபா நானே கூட நின்னு பாக்கறேன்."

இன்னாசிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மாமியாருக்கு அந்தக் கரிசனமெல்லாம் இல்லை. வராந்தாவுக்குப் பாய்ந்து, இன்னாசிக்குத் துணையாக வந்து இப்போது தூணுக்குப் பின்னால் ஒளிந்திருந்த செல்வநாதனைச் சட்டையோடு பிடித்து உள்ளே இழுத்து வந்தாள்.

"ஜெபமால சொல்ற வாயாடா இது? கஸ்மாலம்! எந்தப் பக்கம் போயி இந்த நோய வாங்கிகினு வந்த?"

"மாதா சத்தியமா எனக்கு ஒரு நோயும் இல்ல ஆன்ட்டி!" அந்த மலை ஓவென்று அழுதது. "ஊசியப் பாத்தாவே எனக்கு மயக்கம் வந்துடும். அதான் நானும் போவல. இன்னாசிக்கு ரத்த குரூப் பாக்கறாங்க, அவனுக்கு வேலைக்கு நேரமாச்சுன்னு பொய் சொல்லி வேற ஒரு ஆள அனுச்சிட்டேன்."

"அட பாவி!" இன்னாசி அவன்மேல் பாய்ந்தான். "யாரடா அனுச்ச?"

செல்வநாதன் மூக்கைத் துடைத்துக்கொண்டு, வாசற்படியில் ஒரு கால் வைத்திருந்த சவரிநாதனைப் பார்த்தான்.

"ஒன் மாமனாரத்தான்டா."