சாக்பீஸ் வட்டங்கள்

பணிமனைக் கூரையின் உடைந்த தகரம் வழியே விழும் காலை வெயில், துருவேறிய நீராவி எஞ்சினின் முதுகில் மட்டும் படுகிறது. இருபத்தாறு வருஷம் அதை ஓட்டி ஓய்வுபெற்ற கிழவர் கையில் சாக்பீஸோடு பக்கத்தில் நிற்கிறார். அருங்காட்சியகத்தில் இருக்கும் வேறொரு எஞ்சினை மறுபடி ஓட வைக்க வேண்டுமாம். அதற்காக இதிலிருந்து உருப்படியான பாகங்களைக் கழற்றிக்கொண்டு, மிச்சத்தை வெட்டிப் போடப்போகிறார்கள். இதைக் காப்பாற்றச் சொல்லி ஒன்பது வருஷம் மனு எழுதியவரையே, எதெது தேறும் என்று காட்டக் கூப்பிட்டிருக்கிறார்கள். “வீட்டுக்குப் போயிடலாம்ப்பா,” என்கிறாள் கூட வந்திருக்கும் மகள். “நான் போயிட்டா நல்லதையும் சேர்த்து வெட்டிருவாங்கம்மா.” சக்கரங்களை இணைக்கும் தண்டைச் சுத்தியலால் தட்டுகிறார், கணீரென்று ஒலிக்கிறது. வட்டம் போடுகிறார். வால்வின் பிடியைத் திருப்புகிறார். வாராவாரம் யாருக்கும் தெரியாமல் வந்து அவர் விட்ட எண்ணெயில் அது வழுக்கிக்கொண்டு சுற்றுகிறது. அதற்கும் ஒரு வட்டம். கேஸ் கட்டரோடு காத்திருக்கும் வெல்டர் பொறுமையிழந்து, “எது வேஸ்ட்டுன்னு மட்டும் சொல்லுங்கய்யா, அதுலேர்ந்து ஆரம்பிக்கிறேன்,” என்கிறான். கிழவர் எஞ்சினை ஒருமுறை சுற்றி வருகிறார். “ஒண்ணும் வேஸ்ட் இல்லப்பா.” வெல்டர் தலையை ஆட்டிவிட்டு, வட்டம் இல்லாத இடமாகப் பார்த்து, ஓட்டுநர் நின்று ஓட்டும் மேடையின் தரையில் சுடரை வைக்கிறான்.