பங்களாத் தோட்டத்துக் குளம்

பங்களாவின் கீழ்ச்சரிவில், மலைகளின் நிழல் விழும்படி ஒரு தாமரைக்குளம் வெட்ட வேண்டும் என்றாள் தேயிலைத் தோட்டத்துத் துரையின் மனைவியான துரைசாணி. தோட்டத்தைப் படமாக வரைய சீமையிலிருந்து விருந்தாளி ஒருவர் வரப்போகிறாராம். அங்கிருந்த கொய்யா மரங்களை ஒவ்வொன்றாகச் சாய்த்து, வேர்களைத் தோண்டிக் குவித்துத் தீ வைத்தார்கள்.

கூலியாட்கள் குடியிருக்கும் லயத்திலிருந்த வீராயி கங்காணியிடம் வந்தாள். "அந்தக் கடைசி மரத்தடிய மட்டும் நானே தோண்டுறேன் அண்ணே. வேற யாரு மம்பட்டியும் அங்க படவேணாம்." போன பெருமழையில் இடுகாட்டுப் பாதை சரிந்து கிடந்தபோது, இறந்துபோன கைக்குழந்தையை அவள் அங்கேதான் புதைத்திருந்தாள். அன்று குழி வெட்டிக்கொடுத்தவரே கங்காணிதான். அவர் தலையசைத்தார்.

அவள் கையாலேயே மண்ணை அள்ளினாள். பழஞ்சேலைத் துணி தென்பட்டதும் மண்ணோடு சேர்த்துக் கூடையில் எடுத்து, தலைத்துண்டால் மூடி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

வராந்தாவிலிருந்து துரைசாணி கேட்டாள்: "கூடையில் என்ன?"

வீராயி துண்டின் ஓரத்தைக் கூடைக்குள் செருகினாள்.

"வேருங்க தொரசாணி" என்றார் கங்காணி.

"அப்போ நெருப்பில் போடு."

வீராயி நெருப்பின் அருகே அப்படியே நின்றாள். கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி, "ஈர வேருங்க. எரியாது. புகை பங்களாவுக்குத்தான் வரும்" என்றார். துரைசாணி முகத்தைச் சுளித்து, தூரமாய்க் கொண்டுபோய்க் கொட்டச் சொன்னாள்.

வீராயி சரிவில் இறங்கி நடந்தாள். ஒரு முழம் வெற்று மண் கிடைத்தால் போதும் அவளுக்கு. பார்த்த பக்கமெல்லாம் தேயிலை நட்டிருந்தது.