பல் தெரியாத சுவர்

வீரமரணம் அடைய முதல் தகுதி, போட்டோவில் வாயை மூடிக்கொண்டு உட்காரத் தெரிவது.

இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்து மண்டபச் சுவரைப் பார்த்தே வளர்ந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

அங்கே படித்துவிட்டுப் போருக்குப் போய் இறந்தவர்கள் அத்தனை பேரும் அந்தச் சுவரில் இருக்கிறார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. தாடை மேலே. பார்வை, ஒட்டடை தொங்கும் மூலையில்.

உயிரோடு இருக்கிற எவனும் அப்படி உட்கார மாட்டான் என்று கல்லூரி கேன்டீனில் பலமுறை நிரூபித்திருக்கிறேன். பெஞ்சில் ஏறி உட்கார்ந்து நடித்தும் காட்டுவேன். கைதட்டுவார்கள்.

வகுப்புக்கு வெளியே முட்டி போட வைத்த பையன்களைச் செத்த பிறகு நிரந்தரமாக உள்ளே மாட்டிவிட்டார்கள் என்பது என்னுடைய இன்னொரு கண்டுபிடிப்பு.

அண்ணனுக்கு அந்த முதல் தகுதி இல்லை. அதனால்தான் காலையிலிருந்து அம்மாவும் நானும் போட்டோ ஸ்டூடியோவில் கிடக்கிறோம்.

அவன் ஒரு போட்டோவிலும் வாயை மூடியவன் இல்லை. சித்தி கல்யாண ஆல்பத்தில் பெண் மாப்பிள்ளையைவிட அவன் பல்தான் அதிகம். வகுப்புப் படத்தில் கண் மூடியிருக்கிறது, வாய் திறந்திருக்கிறது. படையில் எடுத்து அனுப்பிய படத்தில் ஹெல்மெட் நிழல் மூக்கு வரைக்கும். அதற்குக் கீழே முழுக்கச் சிரிப்பு.

ஒழுங்கான படம் ஒன்று அவன் அடையாள அட்டையில் இருந்தது. அது அவனோடு போய்விட்டது. படை அலுவலகத்தில் கேட்டால், மனுப் போடுங்கள், சில மாதத்தில் நகல் வரும் என்றார்கள்.

அவன் படத்தைச் சுவரில் மாட்டுகிற விழா இன்று சாயந்திரம்.

அம்மா கொடுத்த சிரித்த படத்தைப் பள்ளிக்கூடத்துப் பெரிய சார் இரண்டு கையாலும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். மற்ற குடும்பங்கள் தப்பாக நினைக்குமாம். வேறு படம் கிடைக்காவிட்டால் பரவாயில்லை, பெயரை மட்டும் பித்தளையில் வெட்டி மாட்டிவிடலாம் என்றார்.

"பேரை வெச்சிக்கிட்டு நான் என்ன பண்றது? எனக்கு அவன் மூஞ்சி அங்க இருக்கணும்" என்றாள் அம்மா. அவரிடம் இல்லை. வெளியே வந்து என்னிடம்.

ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டரில் அண்ணன் வாயை மூடப் பார்த்தார்.

முதலில் அவனுக்குப் பல்வலி வந்தது. அடுத்து, பந்தியில் கவனிக்கவில்லை என்று கோபித்துக்கொண்ட சம்பந்தி ஆனான். அதற்கடுத்து எங்கோ ஒரு வங்கியில் மேனேஜர் ஆனான்.

அம்மா முன்னறை பெஞ்சுக்கும் கம்ப்யூட்டருக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். ஒவ்வொரு தடவையும் வாசல் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வந்து பார்ப்பாள். தலையை ஆட்டிவிட்டுப் போவாள். மேனேஜரைப் பார்த்துவிட்டு மட்டும், இது யார் என்று கேட்டாள்.

என்னால் உட்கார முடியவில்லை. நிற்கவும் முடியவில்லை. அங்கே தொங்கிய கல்யாண ஜோடிகளின் படங்களை எல்லாம் நேராக்கினேன். நேராக இருந்ததையும் நேராக்கினேன்.

ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

அவர் ஒன்றும் கேட்கவில்லை. முடியாது என்று நானாகவே சொன்னேன்.

நெற்றி, மூக்கு, காது எல்லாம் ஒரே அச்சு தம்பி, உயரத்தில் மாட்டுகிற படம், யார் கிட்டே போய்ப் பார்க்கப்போகிறார்கள் என்று காதோடு சொன்னார். இருட்டில் செருப்புச் சத்தத்தை வைத்தே வருவது அவனா நானா என்று சொல்லிவிடுகிறவள் எங்கள் அம்மா என்றேன். அம்மாவுக்கு ஏன் தெரிய வேண்டும் என்றார்.

ஆணியில் தொங்கிய கோட்டை எடுத்து மாட்டிவிட்டார். வேலைக்கு மனுப் போடுகிறவர்களுக்கு வைத்திருக்கிற கோட்டு. முன்னால்தான் கோட்டு. பின்னால் இரண்டு நாடா.

ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

கேன்டீனில் அத்தனை முறை செய்து காட்டியவனுக்கு இங்கே வரவில்லை. உதட்டைச் சேர்த்தால் சிரிப்பு முட்டியது. வெளிச்சம் அடிக்கும்போதெல்லாம் பல் வந்துவிட்டது. ஸ்டூடியோக்காரர் கேமராவைத் திருப்பிக் காட்டினார்.

அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தான்.

அடுத்த படத்திலும் அவன்தான். அதற்கடுத்ததிலும்.

கோட்டைக் கழற்ற முதுகுப் பக்கம் நாடாவைத் தேடிக்கொண்டிருந்தபோது திரை விலகியது.

அம்மா.

பாதி எழுந்தேன். என்ன பொய் சொல்வது என்று யோசிப்பதற்குள் கிட்டே வந்துவிட்டாள். தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தாள். கண்ணாடி முன்னால் கிடந்த சீப்பை எடுத்தாள். அதில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தாள். என் வகிட்டை முழுக்கக் கலைத்துவிட்டு, மறுபக்கம் புது வகிடு எடுத்தாள்.

"அவனுக்கு இந்தப் பக்கம்" என்றாள்.

பெஞ்சுக்குத் திரும்பிப் போகவில்லை. கேமராவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

தாடையைத் தூக்கினேன்.

வாயை மூடிக்கொண்டேன்.