பாகற்காய் விருந்து

இலையில் முதலில் விழுந்தது பாகற்காய் வறுவல்.

கேசவன் கையை இழுத்துக்கொண்டார். பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த சூர்யா அப்பாவின் முகத்தைப் பார்த்தான்.

மகனுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம் கழித்து, அப்பா முதன்முதலாக அம்மாவோடு வந்து உட்கார்ந்திருக்கும் விருந்து. அதில் போய் யாராவது பாகற்காய் வைப்பார்களா?

சுதேஷ்ணா வைப்பாள். அவள் கல்கத்தாக்காரி. அவர்கள் ஊரில் சாப்பாட்டைக் கசப்பில்தான் ஆரம்பிப்பார்கள். பருப்பில் சர்க்கரை போடுவாள். வெள்ளிக்கிழமை காலையில் மீன் வாங்கி வந்து, நல்ல நாள் என்பதால்தான் வாங்கினேன் என்பாள். போன வருஷம் செம்பாக்கத்தில் இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது, பால் காய்ச்சிய கையோடு ரோகு மீனைப் பொரித்து மாடியில் இருக்கும் வீட்டுக்காரம்மாவுக்கு ஒரு தட்டு கொண்டுபோய் நீட்டியவள். அந்த அம்மாள் சுத்த சைவம். சாத்திய கதவை ஒரு மாசம் திறக்கவில்லை.

அப்படி ஒவ்வொரு தடவையும் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்பது சூர்யாதான். சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை போக, மீதி நேரத்தில் அவனுக்கு அதுவே உத்தியோகம்.

இன்றும் அவசரமாக ஆரம்பித்தான். "அவங்க ஊர்ல கசப்புதான்பா முதல்ல..."

அதற்குள் இரண்டாவது விழுந்தது. அகத்திக்கீரை.

மூன்றாவது, வாழைக்காய்.

அகத்திக்கீரையும் பாகற்காயும் சேர்ந்து வந்தால் அது எந்த வீட்டுச் சாப்பாடு என்று அப்பாவின் ஊரான திருநீர்மலைப் பக்கம் சின்னக் குழந்தையும் சொல்லிவிடும்.

"இன்னாடா இது? கருமாதி இலைய என் முன்னால போட்டுக்கீறா?" என்றார் கேசவன்.

இத்தனைக்கும் அப்பா பாசத்தில் வரவில்லை. குடும்ப நிலம் ஒன்றரை ஏக்கருக்கு ஃப்ளாட் கட்டுகிற ஆட்கள் வந்து நிற்கிறார்கள். சூர்யா கையெழுத்துப் போடாமல் அதில் ஒரு அடிகூட விற்க முடியாது. பத்திரத்தை மஞ்சள் பையில் சுருட்டி, சாப்பிடும்போதும் முழங்காலோடு ஒட்டி வைத்திருந்தார்.

எல்லாம் தெரிந்தும் சூர்யாவுக்கு வெட்கங்கெட்ட சந்தோஷம். கையெழுத்துக்காகவாவது வந்தாரே. சாப்பிட்டு எழுந்ததும் கேட்ட இடத்தில் எல்லாம் போட்டுவிட்டு, "இனிமே அடிக்கடி வாங்கப்பா" என்று சொல்லிவிட வேண்டும். காலையிலிருந்து அதைத்தான் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்போது எல்லாம் ஒரு கீரையில் கெட்டது.

"அவளுக்கு இதெல்லாம் தெரியாதுப்பா. மன்னிச்சிடுங்க."

"தெரியும்" என்றாள் சுதேஷ்ணா.

வாளியைக் கீழே வைத்தாள். தமிழ் அவளுக்கு இன்னும் யோசித்து யோசித்துத்தான் வரும். ஆனால் இதை மட்டும் நிறுத்தாமல் சொன்னாள்.

"எங்க கல்யாணம் முடிஞ்ச பதினாறாம் நாள், பையன் செத்துட்டான்னு ஊரைக் கூப்பிட்டு சாப்பாடு போட்டீங்களே மாமா. அன்னைக்கு இலையில என்னென்ன வெச்சீங்களோ, அதைத்தான் நான் செஞ்சேன்."

சூர்யா அப்பாவைப் பார்த்தான். அபாண்டம் என்று ஒரு வார்த்தை கத்த மாட்டாரா என்று பார்த்தான். அவர் மஞ்சள் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயம் அவனும் சுதேஷ்ணாவும் புனேயில் இருந்தார்கள். ஊரே சாப்பிட்டிருக்கிறது. இத்தனை நாளில் ஒருத்தர்கூட அவனிடம் வாய் திறக்கவில்லை. படத்துக்கு மாலை போட்டிருப்பார்கள். எந்தப் படத்துக்கு? காலேஜில் எடுத்ததா, பத்தாம் வகுப்பில் எடுத்ததா?

"கெளம்புடி!" கேசவன் எழுந்து நின்று பெண்டாட்டியைப் பார்த்துக் கத்தினார்.

முப்பது வருஷமாக அவர் எழுந்தால் எழுந்து, உட்கார்ந்தால் உட்கார்ந்து பழகியவள் செல்லியம்மாள். மூன்றாவது இலையில், வந்ததிலிருந்து வாயே திறக்காமல் இருந்தாள்.

அவள் எழுந்திருக்கவில்லை. தன் இலையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒருமுறை பார்த்தாள்.

"எல்லாம் சரியா கீதும்மா" என்றாள் மருமகளிடம். "கொத்தவரங்கா பொரியல் ஒண்ணுதான், போன்ல உன்கிட்ட சொல்ல மறந்துட்டேன்."

அழுகை வரும் என்றுதான் சூர்யா நினைத்தான். வந்தது கோபம். இத்தனை நாள் ஊரெல்லாம் மன்னிப்புக் கேட்டுத் திரிந்த தன் மேலேயே முதலில் வந்தது. பிறகு போக வேண்டிய இடத்துக்குப் போயிற்று.

கேசவனும் லேசுப்பட்டவர் இல்லை. நின்றபடியே பையிலிருந்து பத்திரத்தை உருவி, சட்டைப் பையிலிருந்த பேனாவின் மூடியைக் கழற்றி அவன் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"அது அப்போ நடந்தது. இதுல போட்டுக் குடு, நான் போய்க்கினே இருக்கேன்."

சூர்யா பேனாவை வாங்கவில்லை.

"செத்தவன் எப்படிப்பா கையெழுத்துப் போடுவான்?"