தனித்தட்டு

கோப்பையில் தேநீர் விழுந்தது. அண்ணாச்சி நிமிரவில்லை. இரண்டு விரல்களால் மேசையை இருமுறை தட்டினார்.

சீனாவின் குவாங்சௌவில் அதற்கு நன்றி என்று பொருள். பேச்சை நிறுத்தாமலே சொல்லிவிடலாம்.

தேநீர்க் கடையில் பரிமாறும் லான் அக்கா ஊற்றிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டாள். அக்கா என்று தமிழில்தான் ஒன்பது வருடமாகக் கூப்பிடுகிறார். அவளும் திரும்பிப் பார்க்கிறாள்.

ஞாயிறு காலை. அதே வட்ட மேசை, நடுவில் அதே சுழல்தட்டு. எதிரே ஒபியோரா, லாகோஸுக்குக் காலணி அனுப்புகிறவர். பக்கத்தில் கோமதி. திருநெல்வேலியிலிருந்து இங்கே ஆராய்ச்சிப் படிப்புக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது.

புதன்கிழமை அண்ணாச்சிக்கு ஊருக்கு விமானம்.

அறுபது ஆகிறது. வேலை அனுமதியை இனி நீட்ட மாட்டார்கள். மேசையில் யாருக்கும் தெரியாது. சொல்லாமலே போய்விடுவதாக இருந்தார். இங்கே அதுதான் வழக்கம். ஒரு ஞாயிறு ஒருவர் வரமாட்டார். மறு ஞாயிறு மற்றவர்கள் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொள்வார்கள். உக்ரைன்காரி ஒருத்தி அப்படிப் போனாள். டாக்கா வியாபாரி ஒருவர் அப்படிப் போனார்.

ஒபியோரா தன் வாராந்தர வழக்கைத் தொடங்கியிருந்தார். இந்த ஊர் நம்மைப் பார்க்கிறதா இல்லையா.

"பதினோரு வருஷம் ஆச்சு. நாளைக்கு நான் செத்துப்போனா என் லிஃப்ட்டுக்கு மட்டும்தான் தெரியும். கார்டைத் தேய்க்க ஆள் வரலையேன்னு."

வழக்கமாக அண்ணாச்சி இந்த ஊரின் பக்கம் பேசுவார். பூங்காக்களைச் சொல்வார். காய்ச்சலில் கிடந்தபோது கதவைத் தட்டிய மாடி வீட்டுக்காரரைச் சொல்வார்.

இன்று பேசவில்லை.

"என்ன, வக்கீல் லீவா?" என்றார் ஒபியோரா. கோழிக்கால் ஒன்றைக் குச்சிகளில் எடுத்துக்கொண்டார்.

லான் அக்கா வந்து அண்ணாச்சி முன் தட்டை வைத்தாள். முள்ளங்கிக் கேக். துருவிய முள்ளங்கியை அரிசி மாவோடு வேகவைத்து, துண்டு போட்டு, ஓரம் சிவக்க வாட்டியது. ஒன்பது வருடமாக அவருடைய ஞாயிற்றுக்கிழமை.

சுழல்தட்டில் வைத்துக் கோமதியின் பக்கம் திருப்பினார். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"வேண்டாம் அண்ணாச்சி. சுத்த சைவம், கண்ண மூடிட்டுச் சாப்பிடுன்னு சொன்னீயல்லா? காலேஜ் பக்கத்துக் கடையில வாங்கித் தின்னேன். உள்ள பூரா பன்னிக்கறி. எங்கம்மைக்குத் தெரிஞ்சா கெணத்துல தள்ளிருவா."

ஒபியோராவுக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் மேசையில் அடித்துச் சிரித்தார்.

"அந்தக் கடை மோசம்," என்றார் அண்ணாச்சி. "முள்ளங்கிக் கேக்கில் கறியே கிடையாது."

ஒபியோரா தோளைக் குலுக்கிப் பக்கத்து மேசையைக் காட்டினார்.

அடுத்தவர் தட்டை எட்டிப் பார்க்கக் கூடாது என்று வளர்ந்தவர் அண்ணாச்சி. ஒன்பது வருடத்தில் முதல்முறையாகப் பார்த்தார்.

அதே கேக். உள்ளே இளஞ்சிவப்புத் துணுக்குகள். பொடி இறால்.

தன் தட்டைப் பார்த்தார். வெள்ளை. இடையிடையே கருத்த காளான்.

சுத்த சைவம் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார். மதுரைத் தம்பதி. சூரத்துக்காரர். வெங்காயம்கூடத் தொடாத அந்த மாணவி.

லான் அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டார். அவருடைய சீனம் கடைத்தெருச் சீனம். அது போதுமாக இருந்தது.

"மொத நாள் வெறும் டீயைக் குடிச்சிட்டு உக்காந்திருந்தீங்க," என்றாள். "கறித்தட்டு போனா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டீங்க. மறு வாரத்துலேருந்து சமையக்காரர் உங்களுக்குன்னு தனித்தட்டுல வேகவைக்கிறார். சனிக்கிழமையே காளானை ஊறப்போட்டுடுவார்."

"சொல்லவே இல்லையே?"

"சொன்னா? எதுக்குச் சிரமம்னு எழுந்து போயிருப்பீங்க."

உண்மைதான். எழுந்து போயிருப்பார்.

ஒன்பது வருடம். காய்ச்சலில் கிடந்த வாரங்கள், ஊருக்குப் போன வாரங்கள். அந்த ஞாயிறுகளிலும் ஒரு தட்டு வெந்திருக்கும். பத்தரை மணி வரை காத்திருந்துவிட்டு அதை யாராவது தின்றிருப்பார்கள்.

அடுத்த சனிக்கிழமையும் காளான் ஊறும்.

அவர் ஒரு துண்டை எடுத்தார். மெதுவாக மென்றார். இத்தனை நாள் அதைச் சாப்பிட்டுக்கொண்டேதான் பேசியிருக்கிறார்.

"லான் அக்கா."

அவள் நின்றாள்.

"அடுத்த ஞாயிறு எனக்கு வேண்டாம்." சீனத்தில் சொன்னார். கொஞ்சம் பொறுத்து, "அதுக்கு அடுத்ததும்."

ஒபியோராவுக்குச் சீனம் நன்றாகத் தெரியும். கோழிக்காலைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டார்.

அண்ணாச்சி கோமதியைக் காட்டினார். "இவளுக்கு வையுங்கள். இவளும் முகத்தைத் திருப்புவாள்."

கோமதிக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. எதிரே நின்ற தட்டைப் பார்த்தாள். காளானைப் பார்த்தாள். ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டாள். கண்ணை மூடவில்லை.

"நல்லாத்தான் இருக்கு. வாரா வாரம் இது கிடைக்குமா அண்ணாச்சி?"

"கிடைக்கும்."

ஒபியோரா ஏதோ சொல்ல வாயெடுத்தார். வழக்கைப் பற்றியல்ல.

அண்ணாச்சியின் கோப்பை நிறைந்துதான் இருந்தது. லான் அக்கா ஊற்றினாள்.

அவர் இரண்டு விரல்களால் மேசையைத் தட்டினார்.

தட்டிக்கொண்டே இருந்தார்.