யானை பெஞ்சில் ஏறிய கதை

“எறும்பைப் பாத்ததும் யானை என்ன பண்ணிச்சு தெரியுமா? பெஞ்சு மேல ஏறிடுச்சு!”

இரண்டாம் வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. கதை சொன்ன டீச்சருக்கு மட்டும் முதுகில் வியர்வை அருவியாகக் கொட்டியது.

காரணம், வாசலை ஒட்டிய புத்தக அலமாரிக்கு அடியில் சுருண்டு கிடந்த பாம்பு. தீயணைப்பு வண்டியின் குழாய் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் எனக்கு வருத்தமில்லை. அறைக்கு இருப்பதோ அந்த ஒரே வாசல். ஒரு பிள்ளை அலறினால் போதும், மொத்த வகுப்பும் பாம்பை மிதித்துக்கொண்டுதான் ஓடும்.

டீச்சரோ, பல்லி விழுந்தாலே மேசைமேல் தாவி ஏறுகிறவர். பிள்ளைகளுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

“எல்லாரும் யானை மாதிரி காலைத் தூக்கி...” என்று ஆரம்பித்தார். முடிப்பதற்குள் அத்தனை கால்களும் பெஞ்சுமேல் இருந்தன. தொண்டை கிழியக் கத்தினாலும் ஒரு பென்சிலைக்கூடக் கீழே வைக்காத கூட்டம்! எல்லாம் கதையின் மகிமை என்று நினைத்துக்கொண்டார்.

“இப்ப யானை பதுங்குது. பதுங்குதுன்னா என்ன?”

“சத்தம் போடாம ஒளிஞ்சுக்கறது டீச்சர்” என்றாள் முதல் பெஞ்சு ‘பட்டாசு’. நாலு தெருவுக்குக் கேட்கும் அவள் குரல் அன்று குசுகுசுவென்று வந்தது.

“கதையில இந்த இடத்துக்கு என்ன பேரு?”

“சிக்கல்!”

சிக்கல், அலமாரிக்கு அடியிலிருந்து மெல்லத் தலையை நீட்டியது. டீச்சரின் நெஞ்சு அடித்த அடியில் பள்ளிக்கூட மணியே ஆடியிருக்கும்.

“சிக்கலுக்கு அப்புறம்... தீர்வு. யானை ஜன்னல் பக்கம் திரும்பி, ‘வாட்ச்மேன் அண்ணே, ஓடி வாங்க!’ன்னு கத்துச்சு. எப்படிக் கத்துச்சு?”

கூரை எகிறும்படி கத்தினார்கள். வாட்ச்மேன் ஜன்னலில் தலையை நீட்டினார். “என்னம்மா இது, காது கிழியுது?”

டீச்சர் கண்ணாலேயே அலமாரியைக் காட்டினார். மனிதர் முகம் வெளுத்துப்போனது. ஆனாலும் நீளக் கம்பும் சாக்கும் கொண்டுவந்து, பாம்பை லாவகமாக உள்ளே தள்ளி, சாக்கின் வாயைக் கட்டித் தூக்கிப்போனார்.

டீச்சர் நாற்காலியில் பொத்தென்று விழுந்தார். பயம் எழுந்துபோன இடத்தில் பெருமை வந்து உட்கார்ந்தது.

“பாத்தீங்களாடா? நீங்கள்லாம் பயந்துடக் கூடாதுன்னுதான், இவ்வளவு நேரம் சிரிப்புக் கதையா சொல்லிட்டிருந்தேன்!”

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பட்டாசு மெதுவாக எழுந்து நின்றாள்.

“நாங்க முதல்லயே பாத்துட்டோம் டீச்சர். நீங்க பயந்துடக் கூடாதுன்னுதான், அந்தக் கதைக்குக்கூட சிரிச்சோம்.”